பதில்: அம்மா வைத்த நேர்த்திக்குக் கடன் எடுக்கலாமா?

தங்கச்சி, 2009இல் தம்பி உயிரோடு திரும்பினால் வருசா வருசம் அந்தோனியார் பெருநாளுக்கு ஊருக்கே சோறு போடுவதாக அம்மா நேர்த்தி வைத்தா. அம்மா இப்போது இல்லை. இந்த முறை நுண்கடன் (கிழமைக்குக் கிழமை கட்டுகிற சின்னக் கடன்) எடுத்துத்தான் செய்யவேண்டும், விட்டால் பாவமா என்று கேட்டிருக்கிறீங்கள்.

பாவமில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1193 சொல்வது இதுதான்: நேர்த்தி அதை வைத்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். தம்பிக்குக் குற்றம் வரும் என்று வெருட்டுகிற சொந்தக்காரர் ஒருத்தரும் கிழமைக்காசு கட்ட வரப்போவதில்லை. வன்னியில் நுண்கடனால் பெண்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததா? அதுவும் குழுக்கடன் என்றால், நீங்கள் கட்டாத கிழமை பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து கட்டவேண்டி வரும். அவ என்ன நேர்த்தி வைத்தா?

நீங்களும் அம்மாவோடு சேர்ந்து வாக்குக் கொடுத்திருந்தால் கதை வேறு. அப்போதும் வழி இருக்கு. நியாயமான காரணம் இருந்தால் பங்குச் சுவாமி அதிலிருந்து விடுவிக்கலாம், சின்னதொன்றாக மாற்றியும் தரலாம் (சட்டம் 1196, 1197). பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு ஆறுதலாகப் போய்க் கதையுங்கோ.

மனம் கேட்காவிட்டால் ஜூன் 13 அன்று நாலைந்து இறாத்தல் பாண் வாங்கி, கஷ்டப்பட்ட வீடுகளுக்குக் கொடுங்கோ. அந்தோனியார் பேரில் ஏழைகளுக்குப் பாண் கொடுப்பது பழைய வழக்கம்தான். பந்தலும் ஒலிபெருக்கியும் அம்மா நேர்ந்தவையா, பிறகு வந்து ஒட்டினவையா என்றும் ஒருக்கால் யோசியுங்கோ. கனடா அண்ணா விடவே கூடாது என்று நின்றால், காசை அவரே அனுப்பட்டும்.