நாள் பூரா வேலைதான் பார்க்கோம், இதுக்கு மேல எக்ஸர்சைஸ் வேறயா?

பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். உடல் அசைவு பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் தலைப்பில் இருக்கிற கேள்விதான், ஆள்தான் வேறு வேறு. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அண்ணாச்சி, நான் முக்கூடல் பக்கம். இருபது வருசமா பீடி சுத்துறேன். காலையில உட்கார்ந்தா சாயங்காலம்தான் எந்திரிப்பேன். கழுத்தும் தோளும் கல்லு மாதிரி இருக்கு. கை ஓயாம வேலை செய்யுதே, அது உடற்பயிற்சி ஆகாதா?

ஆகாது அக்கா. விரல் ஆயிரம் பீடிக்கு ஓடுகிறது, ஆனால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. தொடை, பின்புறம், கெண்டைக்கால் எல்லாம் பெரிய தசைகள். ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை எரிப்பதும் இதயத்துக்கு வேலை கொடுப்பதும் அவைதான். தட்டை மடியில் வைத்துத் தலையைக் குனிந்தே இருப்பதால் கழுத்தின் பின்பக்கம் நாள் முழுக்கத் தலையைத் தாங்கிப் பிடிக்கிறது. கல் மாதிரி இருப்பது அதனால்தான்.

ஒன்று செய்யுங்கள். நூறு பீடி முடிந்ததும் தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்திருங்கள். முடிந்தால் கையை ஊன்றாமல் எழுந்திருங்கள், தரையிலிருந்து அப்படி எழுவதே தொடைக்கு நல்ல வேலை. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, மோவாயை உள்ளே இழுத்து, பின்தலையால் சுவரை அழுத்தி ஐந்து எண்ணுங்கள். பத்து முறை. அப்புறம் இரண்டு தோள்பட்டை எலும்பும் முதுகில் ஒன்றையொன்று தொடப் போவது போலப் பின்னால் இழுங்கள், அதுவும் பத்து. புறவாசல் வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். மொத்தம் மூன்று நிமிடம். கூலி குறையுமே என்று கணக்குப் போடுவீர்கள், தெரியும். கழுத்து பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்தால் போகிற கூலியையும் அந்தக் கணக்கில் சேருங்கள். கை மரத்துப் போனாலோ, பொருள் நழுவி விழுந்தாலோ இதைச் செய்துகொண்டு காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது, சுகர் உண்டு. சேரன்மகாதேவி பக்கம் வயல். டாக்டர் நடக்கச் சொன்னால், "நான் நடக்காத நடையா?" என்கிறார்.

அப்பா சொல்வது பாதி சரி. களை பறிப்பதும் மூட்டை தூக்குவதும் நல்ல உழைப்பு. ஆனால் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்துக்கும் நடுவில் வயல் சும்மா கிடக்கும் வாரங்களில் அவர் என்ன செய்கிறார்? டீக்கடை பெஞ்சுதானே? சாப்பாடு மட்டும் நடவு நாளில் சாப்பிட்ட அதே அளவு. அதுவும் போக, இப்போது உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மிஷின். அவருடைய அப்பா காலத்து உழைப்பு இன்று வயலில் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது. அவ்வளவுதான் அளவுகோல். சுகர் இருப்பவர்களுக்கு நான் கூடுதலாகச் சொல்வது, சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது. அந்த நேரத்தில் ஏறுகிற சர்க்கரையைக் கால் தசை வாங்கிக்கொள்ளும். இன்சுலின் போடுபவர் என்றால், சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள, சட்டைப் பையில் கொஞ்சம் சீனி இருக்கட்டும். வரப்பில் நடந்தாலும் செருப்பு வேண்டும், ராத்திரி உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். முள் குத்தியதே தெரியாமல் புண்ணோடு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பெருமாள்புரத்தில் வீட்டிலிருந்தே ஐடி வேலை. வாட்ச் தினமும் பத்தாயிரம் அடி கேட்கிறது. 6,000 தாண்டவில்லை. வீணா?

வீணே இல்லை. அந்தப் பத்தாயிரம் டாக்டர் எழுதிக் கொடுத்த எண் அல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயர் அது. ஆறாயிரத்தைக் கொஞ்சம் வேகமாக நடங்கள். போன் பேசும்போது நாற்காலியை விட்டு எழுந்து தார்சாவில் நடந்துகொண்டே பேசுங்கள்.

டவுன் பஸ் டிரைவர். ஷிப்ட் முடிந்தால் இடுப்பு கழன்றுவிடுகிறது.

உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறையே உங்கள் தொழிலிலிருந்துதான் பிறந்தது என்று சொல்லலாம். லண்டன் மாடி பஸ்களில் டிரைவரையும் கண்டக்டரையும் ஒப்பிட்டு ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் எழுதினார். நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்கு அதிகம். (மாரிஸ் 99 வயது வரை இருந்தார்.) நம் ஊர் பஸ்ஸில் மாடி இல்லை, ஆனால் காலை எட்டரை மணிக் கூட்டத்தில் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நீந்துகிற கண்டக்டருக்கு அது தேவையும் இல்லை. நீங்கள் ஜங்ஷனில் வண்டி நிற்கிற ஐந்து நிமிடத்தில் கீழே இறங்குங்கள். இடுப்பில் கை வைத்து மெதுவாகப் பின்னால் வளையுங்கள், குதிகாலைத் தூக்கி இருபது முறை இறக்குங்கள். டீயை நின்றே குடியுங்கள். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினால் 'வாயு' என்று சோடா குடிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஆச்சிக்கு 72. முட்டு வலி. "இனி அசையக் கூடாது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உட்கார்த்தி வைத்துவிட்டோம்.

எழுப்பி விடுங்கள். தேய்ந்த முட்டைத் தாங்குவது தொடைத் தசை. உட்கார வைத்தால் அது கரைந்து வலி கூடும். கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தி ஐந்து எண்ணச் சொல்லுங்கள். பத்து முறை, இரண்டு வேளை. ஒரு வாரம் கழித்து, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது ஐந்து முறை. அப்புறம் அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். இந்த வயதில் முட்டு வலியை விட நான் பயப்படுவது குளியலறையில் விழுவதற்கு. செய்யும்போது லேசாக வலிக்கலாம், மறுநாளும் முட்டு வீங்கியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். கோயில் சுற்றும் வழக்கம் இருந்தால் விட வேண்டாம். கல் சுடாத நேரமாகப் பார்த்துப் பைய நடக்கட்டும்.

ஜிம்முக்குப் போகிறேன், வயது 21. கை நல்லா ஏறிட்டு. கால் பயிற்சி அவசியமா?

அவசியம் தம்பி. தேர் வடம் பிடித்துப் பாருங்கள், இழுப்பது கை இல்லை என்று தெரிந்துவிடும்.

தினமும் அல்வா சாப்பிடுவேன், நடந்தால் சரியாகிவிடுமா?

நூறு கிராமுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும். நேரம் இருக்கிறதா?

குறுக்குத்துறையில் தினமும் அரை மணி நேரம் நீந்துவேன். நடக்கவும் வேண்டுமா?

நீச்சல் நெஞ்சுக்கும் தோளுக்கும் அருமை, முட்டு வலிக்காரர்களுக்கும் ஏற்றது. குறை ஒன்றுதான்: உடம்பின் எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்வதால் எலும்புக்குச் சுமை கிடைப்பதில்லை. சுமை பட்டால்தான் எலும்பு கெட்டியாகும். குளித்து முடித்ததும் படித்துறையில் நாலைந்து முறை ஏறி இறங்குங்கள், ஈரப்படியில் பாசி பார்த்து. ஐப்பசி கார்த்திகையில் ஆறு பெருகிவிட்டால் நீச்சல் வேண்டாம், அந்த நாட்களில் ரோட்டில் நடந்தால் போதும்.