வெள்ளம் பார்க்க வெளிநாடு போகவேண்டுமா?

கேள்வி: எனக்கு ஊர் படுவான்கரை, கொக்கட்டிச்சோலைப் பக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறேன். மே மாதக் கடைசியில் இரண்டு கிழமை நெதர்லாந்துக்குப் போகும் மாணவர் குழுவில் என்னையும் தெரிவுசெய்திருக்கிறார்கள். அங்குள்ள வெள்ளப் பாதுகாப்பையும் சனங்களின் வாழ்க்கையையும் பார்த்துவருவதுதான் நோக்கம். அப்பா வயல் செய்கிறவர். “வெள்ளம் வருசா வருசம் நம்மட வாசலுக்கே வருது, அதைப் பார்க்க இவ்வளவு தூரம் போகணுமா?” என்று கேட்கிறார். அம்மாவுக்குச் சாப்பாடு, குளிர், பெண்பிள்ளை தனியாகப் போவது என்று ஒரே கவலை. போகலாமா? போனால் எதைப் பார்ப்பது?
– பெயர் வேண்டாம், மட்டக்களப்பு

பதில்: போங்கள் மகள். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அப்பாவின் கேள்வியைக் கேலியாக எடுத்துவிடாதீர்கள். நீங்கள் கொண்டுபோகக்கூடிய நல்ல கேள்வி அதுதான்.

அவர்களுடைய வெள்ளம் வேறு, நம்முடையது வேறு. நெதர்லாந்தில் கால் பங்குக்கு மேற்பட்ட நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அவர்களுக்குப் பயம் கடல். 1953 ஜனவரி 31 இரவு வடகடலில் அடித்த புயலில் கரையணைகள் உடைந்து, அந்த நாட்டில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். நமக்குக் கடலால் வந்த அழிவு 2004 சுனாமி. அதை விட்டால், நம்முடைய வெள்ளம் மேற்கிலிருந்துதான் வருகிறது. கார்த்திகை, மார்கழியில் மழை விடாமல் பெய்யும். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் என்று குளங்கள் நிரம்பி வான்கதவு திறப்பார்கள். முந்தனை ஆறு பெருகும். எல்லாம் மட்டக்களப்பு வாவிக்குள் வந்து சேரும்போது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தால், தண்ணீர் வயலிலும் வளவிலும்தான் நிற்கும். அவர்களுடைய கடற்சுவரை அப்படியே கொண்டுவந்து இங்கே கட்டினால், வெளியே போக வழி தேடும் தண்ணீரை உள்ளே பூட்டிவைத்ததாகிவிடும்.

அப்படியென்றால் அங்கே போய் என்ன பயன் என்று அப்பா திரும்பக் கேட்பார். ஓஸ்டர்ஸ்கெல்ட என்ற இடத்தின் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.

1953க்குப் பிறகு அந்த நாட்டு எஞ்சினியர்மார் தென்மேற்குக் கரையில் உள்ள கழிமுகங்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தார்கள். ஓஸ்டர்ஸ்கெல்டவையும் முழுசாக அடைத்துவிடுவதுதான் திட்டம். அங்கே சிப்பி வளர்க்கிறவர்களும் மீன்பிடிக்கிறவர்களும் எதிர்த்தார்கள். கடல் தண்ணீர் ஏறி இறங்காவிட்டால் எங்கள் தொழில் செத்துவிடும் என்றார்கள். இயற்கை ஆர்வலர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். 1970களில் பெரிய சண்டை. கடைசியில் அரசாங்கம் இறங்கிவந்து, மூடிய அணைக்குப் பதிலாக 62 இரும்புக் கதவுகள் வைத்த தடுப்பைக் கட்டியது. 1986இல் திறந்தார்கள். சாதாரண நாட்களில் கதவுகள் திறந்தே இருக்கும், கடல் வந்து போகும். பெரும் புயல் வருமென்றால் மட்டும் மூடுவார்கள். செலவு பல மடங்கு கூடியது. ஆனாலும் சிப்பிக்காரர் இன்றைக்கும் அங்கே தொழில் செய்கிறார்கள்.

இதைக் கேட்டதும் அப்பாவுக்கு எது ஞாபகம் வரும்? பாலமீன்மடு முகத்துவாரம்தானே. ஒவ்வொரு மாரியிலும் அதே வழக்கு. வயல் தாழ்கிறது, உடனே மண்ணை வெட்டித் திறந்துவிடுங்கள் என்று கமக்காரர் கேட்பார்கள். அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும், வாவியும் வற்றிவிடும் என்று மீனவர் சொல்வார்கள். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டம் நடக்கும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் தண்ணீர் கழுத்துக்கு வந்த பிறகு கூடிப் பேசுவதால், நியாயத்தை நிதானமாகக் கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஓஸ்டர்ஸ்கெல்டவில் எத்தனை அடி தண்ணீர் வந்தால் மூடுவது, யார் முடிவெடுப்பது, மீனவருடைய நட்டத்தை யார் கணக்கெடுப்பது என்பதையெல்லாம் எப்போது பேசித் தீர்த்தார்கள் என்று கேளுங்கள். கதவின் எடையையும் உயரத்தையும் எந்த வழிகாட்டியும் சொல்லித் தருவார். இதை நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

ரொட்டர்டாமுக்குப் பக்கத்தில் மாஸ்லான்ட் தடுப்பையும் காட்டுவார்கள். ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளமான இரண்டு கதவுகள், மூடுவதையும் கொம்பியூட்டரே தீர்மானிக்கும். 2023 டிசம்பரில் கடல் உயர்ந்தபோது அப்படித்தான் தானாக மூடிக்கொண்டது. வாய் பிளந்து பார்ப்பீர்கள். பாருங்கள், படமும் எடுங்கள். ஆனால் அறிக்கையில் அதற்கு அரைப் பக்கம் போதும்.

அரைப் பக்கத்தில் முடிக்கக்கூடாத விசயம் அவர்களுடைய நீர்ச்சபைகள். நாடு முழுக்க 21 இருக்கின்றன. சிலவற்றின் வேர் 13ஆம் நூற்றாண்டுவரை போகிறது. தனியான தேர்தல், தனியான வரி. வரம்பு, வாய்க்கால், பம்பி எல்லாம் அவர்கள் பொறுப்பு. விவசாயிகளுக்கென்று ஒதுக்கிய இடங்களும் உண்டு. நமக்கும் வயல் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள வட்டவிதானை இருக்கிறார், கமக்கார அமைப்பு இருக்கிறது, பெரும்போகத்துக்கு முன்னால் ஆரம்பக் கூட்டம் வைத்துத் தண்ணீர் விடும் திகதி குறிக்கிறோம். ஆனால் இதெல்லாம் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஏற்பாடு. தண்ணீரை வெளியே அனுப்புவதற்கு நம்மிடம் இப்படி ஒரு ஊர்ச்சபை உண்டா? வெள்ளம் வந்ததும் நிவாரணம், சமைத்த உணவு, பாடசாலையில் தங்கல். அது முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவோம். எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை இது.

நைமேகன் என்ற ஆற்றங்கரை நகரத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேளுங்கள். 1993இலும் 1995இலும் ஆறுகள் பெருகி, 1995இல் இரண்டரை இலட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அணையை இன்னும் உயர்த்திக்கொண்டே போவதை விட்டு, ஆற்றுக்கு இடம் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். நைமேகனில் வால் ஆற்றின் கரையணையை 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளி, புதுக் கால்வாய் ஒன்றும் வெட்டினார்கள். அதற்காக ஏறக்குறைய 50 வீடுகளை எடுக்க வேண்டியிருந்தது. வீட்டை விட்டவர்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை வருசம் பேசினார்கள், இன்னும் கோபமாக இருப்பவர்கள் உண்டா என்று விசாரியுங்கள். நாமோ எதிர்த்திசையில் போகிறோம். வாவிக்கரையில் கண்ணா மரங்களைத் தறித்து, மண் கொட்டி, மதில் எழுப்பியாகிறது. யார் யாரென்று எழுதினால் இந்தப் பத்தி போதாது.

அந்த ஊர்ச் சனங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் நீச்சல் வகுப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே சின்னப் பிள்ளைகள் நீச்சல் சான்றிதழ் எடுப்பது அநேகமாக எல்லாக் குடும்பங்களிலும் வழக்கம். முதற்படி சான்றிதழுக்கே உடுப்போடு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு நீந்திக் காட்ட வேண்டும். வாய்க்காலில் தவறி விழுகிற பிள்ளை நீச்சலுடையிலா விழும்? நம் பக்கம் வாவியைப் பார்த்து வளர்ந்தும் ஒரு முழம் நீந்தத் தெரியாத பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரத்தோடு அடித்துச் செல்லப்பட்ட மதரஸாப் பிள்ளைகளை அம்பாறையில் யாரும் மறக்கவில்லை. அந்த வேகத்தில் நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம், அது வேறு. ஆனாலும் தண்ணீருக்குப் பக்கத்தில் வாழ்கிற சனம் பிள்ளைக்குத் தண்ணீரைப் பழக்க வேண்டாமா?

பழக்கவழக்கம் என்று பார்த்தால், அவர்கள் நேருக்கு நேர் பேசுவார்கள். உங்கள் யோசனை சரியில்லை என்றால் முகத்துக்கு முன்னாலேயே சொல்வார்கள். அது கோபமில்லை. நீங்களும் நம் வழக்கப்படி தலையாட்டிக்கொண்டு இருக்காமல் மறுத்துப் பேசலாம், மதிப்பார்கள். சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள். சிவப்புநிறப் பாதையில் நடக்காதீர்கள், அது சைக்கிளுக்கு. மணியடித்துத் திட்டுவார்கள்.

உங்கள் ஊர் எது என்று கேட்டால் நம் வாவியின் பாடும் மீனோடு நிறுத்திவிடாதீர்கள். 1602இலேயே ஸ்பில்பெர்கன் என்ற ஒல்லாந்துத் தளபதி கப்பலோடு மட்டக்களப்புக்கு வந்ததையும், 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த கோட்டை இன்னும் வாவியோரத்தில் நிற்பதையும் சொல்லுங்கள். அங்கே பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். அவர்கள் ஆண்டதைப் பற்றிப் பேச்சு வந்தால் கூச்சப்படாமல் பேசுங்கள்.

ஆனால் புறப்படுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நம் பக்கத்து வெள்ளத்தை நீங்கள் மாணவியாகப் பார்த்ததுண்டா? வலையிறவில் எந்த இடத்தில் வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது, கிரான் – புலிபாய்ந்தகல் பாதையில் தோணி ஓடும் நாட்களில் நோயாளியை எப்படிக் கொண்டுவருகிறார்கள், 2011 வெள்ளம் உங்கள் ஊரில் எந்த வீட்டுச் சுவரில் எவ்வளவு உயரத்துக்கு ஏறியது, இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். 1957 வெள்ளத்தைக் கண்ட வயசானவர்கள் ஊரில் இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள். நாளைக்கு என்று தள்ள முடியாத வேலை அது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று வயல்காரரைவிட யாருக்குத் தெரியும்? அவரும் பயணத்துக்குள் வந்துவிடுவார்.

அம்மாவுக்கு: குழுவோடு, பொறுப்பாசிரியரோடு போகிற பிள்ளை. தங்குமிடத்தின் முகவரி, ஆசிரியரின் தொலைபேசி இலக்கம், எந்த நாள் எந்த ஊர் என்ற விபரம் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மத்தியானம் பாணும் சீஸும்தான் தருவார்கள், இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கே முடிந்துவிடும். மே கடைசியில் இரவு பத்து மணியாகும்வரை வெளிச்சம் இருப்பதால் திரும்பவும் பசிக்கும். சோறு இல்லாத ஊரென்று பயப்பட வேண்டாம், இந்தோனேசியச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய உண்டு. சுரினாம்காரர் கடையில் ரொட்டியும் கறியும் கிடைக்கும், நம் நாக்குக்கு ஒத்துவரும். குடை வேண்டாம், அந்தக் காற்றுக்கு நிற்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டு ஒன்று வாங்குங்கள். விசா அலுவலைக் கடைசி மாதத்துக்கு விடாதீர்கள். ஆறு மாதத்துக்கு முன்னிருந்தே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம்.

திரும்பி வந்ததும் பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை கொடுப்பீர்கள், அது சரி. அப்புறம் பெரும்போக ஆரம்பக் கூட்டம் வருமுன் உங்கள் ஊர்க் கமக்கார அமைப்பின் தலைவரைப் போய்ப் பார்த்து, கூட்டத்தில் பத்து நிமிசம் கேளுங்கள். முடிந்தால் மீனவர் சங்கத்திலிருந்தும் இரண்டு பேரை அன்றைக்கு வரச் சொல்லுங்கள். ஓஸ்டர்ஸ்கெல்டக் கதையைச் சொல்லிவிட்டு, இந்த மாரிக்கு முகத்துவாரத்தை எந்த நீர்மட்டத்தில் வெட்டுவது என்று மழைக்கு முன்னமே பேசலாமா என்று கேட்டுப் பாருங்கள். யாராவது சத்தம் போடுவார்கள். போடட்டும், உட்காராமல் பேசி முடியுங்கள்.