உணவுக்குழாயையே எடுத்துவிடச் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 57 வயது. சிங்கப்பூரில் ஜூரோங்கில் இருக்கிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அகலேசியா, அதாவது விழுங்கிய உணவு இரைப்பைக்குள் இறங்காமல் தேங்கும் நோய் என்று கண்டுபிடித்தார்கள். இரண்டு முறை பலூன் வைத்து விரித்தார்கள். பிறகு 2014ல் சாவித்துளை அறுவை சிகிச்சையில் தசையை வெட்டிவிட்டார்கள். எட்டு ஆண்டுகள் பிரியாணிகூட நிம்மதியாகச் சாப்பிட்டேன். இப்போது மூன்று ஆண்டுகளாகப் பழைய கதைதான். சோறு நெஞ்சிலேயே நிற்கிறது. இரவில் வாய்க்குத் திரும்பி வருகிறது. நாற்காலியில் சாய்ந்துதான் தூங்குகிறேன். சென்ற ஆண்டு இருமுறை நிமோனியா. 9 கிலோ குறைந்துவிட்டேன். உணவுக்குழாய் பெருத்து வளைந்துவிட்டது, அதை எடுத்துவிட்டு இரைப்பையை மேலே இழுத்துப் பொருத்தலாம் என்கிறார் மருத்துவர். எனக்கிருக்கும் அலுப்பில் சரி என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது. மனைவி அழுகிறார். என்ன செய்வது?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் அந்த இரண்டு நிமோனியாவைத்தான் முதலில் அடிக்கோடிட்டேன். தேங்கிக் கிடக்கும் உணவு தூக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஆகவே இதைத் தள்ளிப்போட முடியாது. ஆனால் சரி என்று தலையாட்டுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: எட்டு ஆண்டுகள் திறந்திருந்த வழி மறுபடி ஏன் அடைத்தது?

அகலேசியாவில் உணவுக்குழாயின் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. இரைப்பைக்கு மேலே உள்ள சுருக்குத் தசை, விழுங்கும்போது தளர மறுக்கிறது. உணவைக் கீழே தள்ளும் அலையும் நின்றுவிடுகிறது. அழிந்த நரம்பை எந்தச் சிகிச்சையும் திருப்பித் தராது. பலூனோ கத்தியோ, செய்வதெல்லாம் அந்தக் கதவைத் திறந்துவைப்பதுதான். சோறு தன் பாரத்தாலும் நீங்கள் குடிக்கும் தண்ணீராலும் இறங்க வேண்டும். 1913ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் தொடங்கிவைத்த தசை வெட்டின் இன்றைய வடிவத்தைத்தான் உங்களுக்கு 2014ல் செய்திருக்கிறார்கள்.

இப்போது அடைப்பதற்குக் காரணம் இரண்டு விதமாக இருக்கலாம். கதவு மறுபடி இறுகியிருக்கலாம்: வெட்டிய இடத்தில் தழும்பு, போதாத வெட்டு, அமிலம் மேலே வராதிருக்க இரைப்பையை மடித்துத் தைத்த இடத்தில் இறுக்கம், அல்லது அந்த அமிலத்தாலேயே உண்டான சுருக்கம். இல்லையென்றால், கதவு திறந்தேதான் இருக்கிறது, குழாய் தொய்ந்து பையாகிவிட்டது. இரண்டிலும் தொந்தரவு ஒன்றுபோலவே இருக்கும். வைத்தியமோ நேர் எதிர். இதைப் பிரித்தறியாமல் எடுத்துவிடுவது என்ற முடிவுக்கு யாரும் வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் கோப்பில் மூன்று பரிசோதனைகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பழையவை போதாது, அண்மையில் எடுத்தவை வேண்டும். முதலாவது எண்டோஸ்கோப்பி, அதாவது வாய்வழியே கேமரா குழாய் விட்டு உள்ளே பார்ப்பது. நீண்ட நாள் அகலேசியாவில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 9 கிலோ குறைந்தவருக்கு அதைப் பார்க்காமல் விட முடியாது. அதற்கு முன் ஓரிரு நாள் நீராகாரம் மட்டும் எடுக்கச் சொல்வார்கள், தேங்கிய உணவு இருந்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. இரண்டாவது, பேரியம் குடிக்கவைத்து 1, 2, 5 நிமிடங்களில் எடுக்கும் எக்ஸ்ரே. மருந்து எவ்வளவு உயரத்துக்குத் தேங்கி நிற்கிறது, குழாய் எங்கே வளைகிறது என்பதை அந்தப் படத்தில் நீங்களே பார்க்கலாம். காட்டச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாவது, கதவின் இறுக்கத்தை அளக்கும் மேனோமெட்ரி.

கதவுதான் இறுகியிருக்கிறது என்றால், குழாய் ஓரளவு வளைந்திருந்தாலும் இன்னொரு வாய்ப்பு பாக்கி இருக்கிறது. பெரிய பலூனால் மறுபடி விரிக்கலாம். அல்லது போயம்: 2008ல் ஜப்பானில் டாக்டர் ஹருஹிரோ இனோவே முதன்முதலில் நோயாளிக்குச் செய்த முறை. வயிற்றில் துளையிடாமல், வாய்வழியே எண்டோஸ்கோப்பை விட்டு, உணவுக்குழாயின் சுவருக்குள்ளேயே சுரங்கம்போல் போய்த் தசையை வெட்டுவார்கள். உங்களுக்கு முன்பக்கம் வெட்டியிருப்பதால், தழும்பில்லாத பின்பக்கச் சுவரில் செய்ய முடியும். இதற்குப் பிறகு அமிலம் மேலேறுவது சகஜம், நீண்ட நாள் மாத்திரை வேண்டியிருக்கும். ஒருவேளை பலன் கிடைக்காவிட்டாலும், பின்னால் குழாயை எடுக்கும் வழி அடைபட்டுப் போகாது.

கதவு திறந்திருக்கிறது, குழாயின் அடிப்பகுதி இரைப்பை வாயைவிடத் தாழ்ந்து குளம்போல் கிடக்கிறது என்றால், உங்கள் மருத்துவர் சொல்வதே சரி. அகலேசியா உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இந்தக் கட்டத்துக்கு வருகிறார்கள். வந்தபின் தள்ளிப்போட்டால், அடுத்த நிமோனியாவும் இன்னும் இறங்கும் எடையும் அறுவை சிகிச்சையைத் தாங்கும் தெம்பையே தின்றுவிடும்.

அது பெரிய அறுவை சிகிச்சை என்பதை மறைக்க மாட்டேன். வயிறு, மார்பு, பெரும்பாலும் கழுத்து என்று பல இடங்களில் வேலை. பெருத்த குழாய் பக்கத்து உறுப்புகளோடு ஒட்டிக்கிடக்கும், அதற்கு ஓடும் ரத்தக்குழாய்களும் தடித்திருக்கும். அகலேசியாவுக்காக இதைச் செய்துகொண்டவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நூறு பேரில் சுமார் 10 பேருக்கு நிமோனியா, 7 பேருக்குத் தையல் கசிவு, 2 பேர் உயிரிழப்பு. உங்கள் மனைவியின் கண்ணீருக்குக் காரணம் இருக்கிறது. அடுத்த சந்திப்புக்கு அவரையும் கூட்டிச் செல்லுங்கள். எக்ஸ்ரே படத்தை அவரும் பார்க்கட்டும்.

பிழைத்து எழுந்தபின் வாழ்க்கையும் மாறும். மூன்று வேளைச் சாப்பாடு ஆறு வேளைச் சிறு உணவாகும். இனிப்பாக, நிறைய, வேகமாகச் சாப்பிட்டால் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரலாம். தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பது ஆயுள் முழுக்க. நான் பார்த்த ஓர் அம்மா மூன்றாம் மாதம் வந்து, “ஏன்தான் செய்துகொண்டேனோ” என்று அழுதார். ஓராண்டு கழித்து வந்தபோது சாப்பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. “கட்டிலில் படுத்துத் தூங்குகிறேன் டாக்டர்” என்பதைத்தான் முதலில் சொன்னார்.

அறுவை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: இந்த அறுவை சிகிச்சையை உங்கள் குழு ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறது? இது அடிக்கடி நடக்கும் இடங்களில் பலன் மேலாக இருப்பது பல நாடுகளில் தெரிந்த உண்மை. இரண்டாவது கருத்துக் கேட்டால் அவர் கோபித்துக்கொள்வாரோ என்று நம் மக்கள் தயங்குவார்கள். தயங்காதீர்கள், இவ்வளவு பெரிய முடிவுக்கு நல்ல மருத்துவர்கள் அதை எதிர்பார்ப்பார்கள். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் வேறொரு பொது மருத்துவமனையில் உதவித்தொகை பெற்ற நோயாளியாகவே பார்க்கலாம். மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, மெடிசேவ் சேமிப்பு போக மீதி எவ்வளவு என்ற கணக்கையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கட்ட முடியாதென்றால் மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கலாம்.

எந்த வழியில் போனாலும் முதலில் எடையை ஏற்ற வேண்டும். உணவியல் நிபுணரை இப்போதே பாருங்கள். தேவையானால் சில வாரங்கள் மூக்குக்குழாய் வழியாகச் சத்துணவு கொடுத்துத் தேற்றிவிட்டுத்தான் மேசைக்கு அழைத்துப் போவார்கள். புகைபிடித்தால் இன்றே நிறுத்துங்கள்.

அதுவரை இரவுச் சாப்பாட்டை ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள், அதுவும் கஞ்சியாகவோ சூப்பாகவோ இருக்கட்டும். படுக்கப் போகுமுன் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரொட்டியும் பரோட்டாவும் வேண்டாம். ஐஸ் தண்ணீரைவிட வெதுவெதுப்பான தண்ணீர் இலகுவாக இறங்கும். மாத்திரைகள் குழாயில் சிக்கிக்கொள்ளும், மருந்தாளரிடம் திரவ வடிவில் கிடைக்குமா என்று கேளுங்கள். எச்சில்கூட இறங்காவிட்டாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழைத்துவிடுங்கள்.