சமூக ஒதுக்கல்னா நடைமுறையில என்ன? அரச சேவைகள எல்லாருக்கும் போய்ச் சேர்ற மாதிரி எப்படி மாத்தலாம்?

கேள்விய பாத்தா நீங்க எங்கேயோ டீஎஸ் ஒபீஸ்ல, அதான் பிரதேச செயலகத்துல, புதுசா வேலைக்குச் சேந்தவர் மாதிரி இருக்கு, இல்லாட்டி கெம்பஸ் அசைன்மென்ட். அசைன்மென்ட்னா வரைவிலக்கணத்த லைப்ரரில பாத்துக்கங்க, என்கிட்ட அது இல்ல. வேலைக்குச் சேந்தவர்னா வாசிங்க. நான் இலங்கை மலையகத்துல பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதான் வரிசையா ஒட்டிக் கட்டுன தொழிலாளர் வீட்டுல, பொறந்தவன், இப்ப கொழும்புல வேலை. எல்லா ஒபீசும் இப்படித்தான்னு சொல்ல வரல, எங்க வீட்டுல நடந்தத சொல்றேன், அவ்வளவுதான்.

எங்க சித்தி காலம் பூரா கொழுந்து எடுத்து ஓஞ்சவங்க. பொம்பளைகளுக்கு 50 வயசானா ஈபிஎஃப் காச, அதான் ஊழியர் சேமலாப நிதிய, எடுக்கலாம். சம்பளத்துல இருந்து 8 வீதம் அவங்களே கட்டுனது, தோட்டம் போட்டது 12 வீதம், 1958 சட்டத்துல இருந்து வர்ற விஷயம், யாரும் இரக்கப்பட்டு குடுக்குற காசு இல்ல. அத எடுக்கப் போய்த்தான் இவ்வளவும். ஐசில, அதான் அடையாள அட்டையில, ஒரு பேரு, தோட்டத்து செக்ரோல்ல, அதான் வேலையாளுக பேர்ப் பதிவுல, வேற ஒரு பேரு, ஒரு எடத்துல லெட்சுமி ஒரு எடத்துல லச்சிமி, அந்தக் காலத்துல யாரோ சொல்ல யாரோ எழுதுனது. ரெண்டும் ஒரே ஆளுதான்னு சத்தியக்கடதாசி கேட்டாங்க, அதுக்கு ஜேபிய (சமாதான நீதவான) தேடிப் போனா அவரு டவுன்ல, ஜிஎஸ் (கிராம சேவகர்) கிட்ட வதிவிடச் சான்று எடுத்தா அதுக்கு டீஎஸ் ஒபீஸ்ல இன்னொரு கையெழுத்து, காசு போட பேங்க் புத்தகம் வேணும், பேங்க்ல அட்ரஸ் உறுதிப்படுத்த தண்ணி பில் கொண்டு வாங்கங்குறான். மலையில இருந்து வர்ற பீலில புடிக்கிற தண்ணிக்கு எவன் பில் குடுப்பான்? போம்ல வீட்டு இலக்கம், வீதின்னு கட்டம் போட்டிருக்கு, எங்களுக்கு இருக்கிறது டிவிஷன் பேரும் லயத்துப் பேரும்தான், கடிதாசி எல்லாம் தோட்டத்து ஒபீசுக்கு வந்து அங்க கெடந்து, யாருக்காவது ஞாபகம் வந்தா கொழுந்து நிறுக்குற எடத்துல கைக்கு வரும். இன்டர்வியூ கடிதாசி திகதி முடிஞ்சு வந்த பொடியனுக எங்க லயத்துலயே இருக்கானுக.

ஒதுக்கல்னா நடைமுறையில இதுதான். கவனிங்க, இதுல ஒருத்தர் கூட சித்திய வெளிய போன்னு சொல்லல. எல்லாரும் மரியாதையாத்தான், "இது இங்க இல்ல அம்மா, அங்க போங்க"ன்னாங்க. சித்திக்கு தனியா போய் வரத் தெரியாது, அவங்க மக கூடப் போகணும், அவ இன்னும் கொழுந்து எடுக்க மலைக்குப் போறவ. ஒரு நாள் வேலைய நாங்க ஒரு பேர்னு சொல்லுவோம், ஒவ்வொரு "அங்க போங்க"வுக்கும் அவளுக்கு ஒரு பேர் போச்சு. 2021லதான் நாள் சம்பளம் ஆயிரம் ரூவான்னு வந்துச்சு, இது அடுத்த வருசம், பெற்றோல் வரிசை காலம், த்ரீவீல்காரன் கேட்ட காச நெனச்சா இப்பவும் வயிறெரியுது. கவுண்டர்ல இருக்கிறவருக்கு அது ஒரு போம் திரும்பிப் போறது, வீட்டுல அது அரிசி. சேவை எல்லாருக்கும் போய்ச் சேருதான்னு பாக்க எனக்குத் தெரிஞ்ச அளவுகோல் இதுதான், ஒரு வேலைய முடிக்க ஒரு குடும்பத்துக்கு எத்தன பேர், அதாவது எத்தன நாள் சம்பளம், போகுதுன்னு எண்ணிப் பாருங்க.

இப்ப ஒருத்தர் வருவாரு, இது இனப்பிரச்சினை, சிங்கள ஒபீசர்மார் அப்படித்தான்னு. கொஞ்சம் பொறுங்க. சித்திய அலைய விட்ட ஒரு கவுண்டர்ல இருந்தது எங்க ஆளு, பக்கத்துத் தோட்டத்துல லயத்துல வளந்தவரு. சித்தி தமிழ்ல கேக்க அவரு சிங்களத்துலயே பதில் சொல்றாரு, நிமிந்தும் பாக்கல. பக்கத்து மேசை சிங்கள மிஸ்தான் ஒடஞ்ச தமிழ்ல "ஒக்காருங்க அம்மா"ன்னு போம நிரப்பிக் குடுத்தது. எனக்கு அதுதான் இன்னமும் ஆறல. அதுக்காக பாஷை பிரச்சினையே இல்லன்னும் சொல்லல, 13ஆவது திருத்தம் வந்தது 1987ல, அதுல இருந்து தமிழும் அரச கரும மொழி, நுவரெலியா மாவட்டத்துல பாதிக்கு மேல தமிழ் ஆளுக, அங்கயே "தமிழ் தெரிஞ்ச மிஸ் இன்னைக்கு லீவு"ன்னா என்ன செய்யுறது?

சட்டமும் எங்கள வெளியதான் வச்சிருந்துச்சு. தாத்தா 1947ல வோட்டுப் போட்டவரு, இந்திய வம்சாவளித் தோட்ட ஆளுகளோட பிரஜாவுரிமைய பறிச்ச 1948 சட்டத்தோட நாடில்லாதவர் ஆயிட்டாரு, அந்தக் கணக்க ஒரு மாதிரி முடிச்சது 2003ல வந்த சட்டம். பிரதேச சபைக்கு நாங்க வோட்டுப் போடுவோம், ஆனா தோட்டத்துக்குள்ள ஒரு ரோடு போடக் கேட்டா 1987 பிரதேச சபைச் சட்டத்துல எடமில்லன்னு கைய விரிப்பாங்க, அத திருத்துனது 2018ல. பழங்கதைன்னு சொல்றவங்க கொஞ்சம் யோசிங்க, சித்தியோட பேர எழுதுனது அந்தக் காலத்து ஆளுகதான்.

கடைசில வேலை எங்க முடிஞ்சுது தெரியுமா, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஒரு ஞாயித்துக்கெழமை வச்ச நடமாடும் சேவையில. ஜிஎஸ், ரெஜிஸ்ட்ரார், ஜேபி, ஐசிக்கு போட்டோ புடிக்கிறவர் எல்லாம் ஒரே மண்டபத்துல, ஒரு மேசையில இருந்து அடுத்த மேசைக்கு நடந்தா போதும், ஒரு பேரும் போகல. அப்ப முடியும்தானே? தேர்தல் வந்தா மட்டும் வைக்காம மாசா மாசம் வைங்க. ஒபீஸ்லன்னா, கொறையுற கடதாசி எல்லாத்தையும் மொத நாளே ஒரு துண்டுல தமிழ்ல எழுதிக் குடுங்க, ஒண்ணு ஒண்ணா சொல்லி அலைய விடாதீங்க. ஒபீஸ் நம்பர் ஒண்ண வெளிய பெருசா எழுதி வைங்க, எடுத்தா யாராவது பேசட்டும். லயத்து விலாசத்த விலாசம்னு ஏத்துக்கங்க, வீதி இல்லன்னு போம திருப்பாதீங்க. அப்புறம் கவுண்டர கீழ்த்தட்டுக்குக் கொண்டு வாங்க, கூடை தூக்கி முழங்கால் போனவங்க மாடிப்படி எப்படி ஏறுவாங்க, நடக்க ஏலாத ஆளுகளுக்கு 1996லயே சட்டம் வந்திருக்கு, படி இன்னும் அப்படியேதான் இருக்கு.

"சிங்களம் படிச்சா என்ன"ன்னு கேக்கப் போறவங்களுக்கு, நான் படிச்சிருக்கேன், நல்லாவே பேசுவேன். சித்திய அறுவது வயசுல படிக்கச் சொல்றீங்களா?