எத்தனை பந்து போட்டான்?

பேஸ்பால் பெற்றோர் கேள்விகள், ஸ்கோர்புக் அம்மாவின் பதில்கள்

நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் லிட்டில் லீகில் (சிறுவர் பேஸ்பால் அமைப்பு) ஸ்கோர் எழுதுவதும், கையில் கிளிக்கரை வைத்துக்கொண்டு பந்து எண்ணுவதும் என் வேலை. சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. பேஸ்பால் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னதும் வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: பிள்ளை மெதுவாகத் தேறட்டும் என்று விடுவதா, இன்றைய ஆட்டத்தை ஜெயிப்பதா?

என் மகனுக்கு 11 வயது. டீமில் ஒழுங்காகப் பந்து போடுகிறவன் அவன் ஒருவன்தான். புதன்கிழமை லீக் ஆட்டத்தில் 58 பந்து போட்டான். சனிக்கிழமை அவனுடைய டிராவல் டீமுக்கு (லீகுக்கு வெளியே, ஊர் ஊராகப் போய் ஆடும் டீம்) இறுதி ஆட்டம். அவன் போடாவிட்டால் தோற்றுவிடுவோம் என்கிறார் அந்த கோச். பையனுக்கும் ஆசை. என்ன செய்ய? – ஒரு அம்மா, ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

சனிக்கிழமை அவன் பந்து போட வேண்டாம். ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கட்டும், பேட் பிடிக்கட்டும், தாராளமாக.

லிட்டில் லீக் விதிப்படி, 14 வயது வரை உள்ளவர்கள் ஒரு நாளில் 51 முதல் 65 பந்து வரை போட்டால் மூன்று நாள் ஓய்வு. உங்கள் மகனுக்கு வியாழன், வெள்ளி, சனி. மறுபடி ஞாயிறுதான். 66ஐத் தொட்டிருந்தால் நான்கு நாள். ஆனால் இந்த விதி உங்கள் லீக் கோச்சைத்தான் கட்டும். டிராவல் டீம் வேறு அமைப்பு. அங்கே அவன் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கும். சட்டையின் நிறம் மாறியது முழங்கைக்குத் தெரியாது.

பெரியவர்கள் அளவுக்கு மீறிப் போட்டால் முழங்கையின் உள்பக்க லிகமென்ட் கிழிகிறது. வளரும் பிள்ளைகளிடம் அதைவிடப் பலவீனமான இடம் ஒன்று உண்டு. எலும்பு முனையில் இன்னும் கெட்டிப்படாத வளர்ச்சித் தட்டு. இழுப்பு அங்கே விழுகிறது. டாக்டர்கள் இதற்கு 'லிட்டில் லீக் எல்போ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனம், அறுவை சிகிச்சை வரை போன இளம் பிட்ச்சர்களையும் (பந்து போடுபவர்கள்) போகாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வருடத்தில் 8 மாதத்துக்கு மேல் போட்டிகளில் பந்து போட்டவர்களுக்கு ஆபத்து 5 மடங்கு. கை சோர்ந்த பிறகும் வழக்கமாகப் போட்டவர்களுக்கு 36 மடங்கு.

அமெரிக்காவின் மேல்மட்டத் தொழில்முறை லீகான எம்.எல்.பி.யும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' பரிந்துரைகள் 9 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு வருடத்தில் 80 இன்னிங்ஸுக்கு மேல் வேண்டாம், 4 மாதம் எறிவதே வேண்டாம் என்கின்றன. உங்கள் கலிஃபோர்னியா வெயிலில் சீசன் முடிவதே இல்லை. அந்த 4 மாதத்தை நீங்கள்தான் காலண்டரில் அடைத்து வைக்க வேண்டும். இரண்டு டீமுக்கும் சேர்த்து ஒரே நோட்டுப் போடுங்கள். இன்னொன்று: ஓர் ஆட்டத்தில் 41 பந்தோ அதற்கு மேலோ போட்ட பையன் அன்று பேட்டருக்குப் பின்னால் கேட்சராக உட்காரக் கூடாது என்பதும் லிட்டில் லீக் விதி. கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான் அல்லவா, இதை டிராவல் டீம்காரர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள்.

பையனுக்கு ஆசை என்கிறீர்கள். ஆசை இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். இறுதி ஆட்டத்தன்று காலையில் 11 வயதுப் பையனிடம் "உன்னால் முடியுமா?" என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்வான். அவனிடம் அதைக் கேட்காதீர்கள். இன்றே கோச்சுக்கு மெசேஜ் அனுப்புங்கள்: "புதன் 58 போட்டான். சனி பேட்டிங், ஃபர்ஸ்ட் பேஸ் மட்டும்." விளக்கக் கட்டுரை வேண்டாம். சீக்கிரம் சொன்னால் வேறொரு பையனைத் தயார் செய்ய அவருக்கும் நேரம் கிடைக்கும்.

மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பேரன் டீம் கடைசி இடம். ஆனாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கோப்பை கொடுத்தார்கள். இதென்ன கூத்து? – ஒரு தாத்தா, கும்பகோணத்திலிருந்து எடிசனுக்கு

பேரனுக்கு ஆறு வயது என்றால் விட்டுவிடுங்கள் ஐயா. 12 வயதிலும் அப்படிக் கொடுத்தால் உங்களோடு சேர்ந்து நானும் சிரிக்கிறேன். எதற்கும் ஸ்கோர் என்ன என்று பேரனிடம் கேட்டுப் பாருங்கள். போர்டே இல்லாத மைதானத்திலும் பிள்ளைகள் சரியாகச் சொல்வார்கள்.

என் அலுவலகத்தில் இவாத்தே மாகாணத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். ரோகி சசாகியை இறுதி ஆட்டத்தில் உட்கார வைத்த பள்ளி கோச் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் முகம் சிவக்கிறார். அந்த கோச் செய்தது சரிதானா? – ஒரு வாசகர், நிஷி-கசாய், டோக்கியோ

தெரியாதவர்களுக்காக: 2019 ஜூலை. ஒஃபுனாதோ ஒரு சாதாரண அரசுப் பள்ளி. 1984க்குப் பிறகு கோஷியென் என்ற தேசியப் பள்ளிப் போட்டிக்கே போனதில்லை. அந்த வருடம் அவர்களிடம் மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் பந்து போடும் ஒரு 17 வயதுப் பையன் இருந்தான், அவன்தான் சசாகி. மாகாணப் போட்டியில் 21ஆம் தேதி 12 இன்னிங்ஸ், 194 பந்து. போதாததற்கு ஜெயிக்க வைத்த ஹோம் ரனையும் அவனே அடித்தான். 24ஆம் தேதி அரையிறுதியில் 129 பந்து. மறுநாளே இறுதி. கோச் அவனை இறக்கவே இல்லை, பேட் பிடிக்கக்கூட. ஹனமாகி ஹிகாஷியிடம் 12-2 என்று தோல்வி. ஷோஹெய் ஓதானி படித்த பள்ளி அது. ஒஃபுனாதோ பள்ளிக்கு வந்த கண்டன ஃபோன்களுக்குக் கணக்கில்லை.

இறுதியில் உட்கார வைத்தது சரி. முந்தின நாள் 129 பந்து போட்ட கையை மறுநாள் இறக்க எந்த நியாயமும் இல்லை. உங்கள் நண்பரின் கோபத்தில் பாதியை நான் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் என் கோபம் வேறு நாளில் இருக்கிறது. அந்த 194 பந்து. அன்று பத்தாவது இன்னிங்ஸில் வேறொரு பையனை இறக்கியிருந்தால் தோற்றிருக்கலாம். நான்காவது சுற்றில் தோற்ற பள்ளியைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதியிருக்காது. ஜெயித்திருந்தால் அந்த இன்னொரு பையனுக்கும் நெருக்கடியில் நின்ற அனுபவம் இருந்திருக்கும், இறுதிக்கு ஒரு ஆள் கூடுதலாகக் கிடைத்திருப்பான். ஒருவனை மட்டும் நம்பி நடந்துவிட்டுக் கடைசி நாள் அவனை எடுத்துவிட்டால், மற்ற பிள்ளைகள் எங்கே போவார்கள்? அந்தப் பையனின் கையைக் காப்பாற்றியது போலவே மற்றவர்களின் கோடையையும் யோசித்திருக்கலாம்.

சிலர் உடனே பிட்ச்சர் டைசுகே மட்சுசாகாவை இழுப்பார்கள். 1998 கோஷியெனில் பி.எல். ககுயென் பள்ளிக்கு எதிராக 17 இன்னிங்ஸ், 250 பந்து. மறுநாள் அரையிறுதியில் கடைசி இன்னிங்ஸில் வந்து போட்டார், அதற்கடுத்த நாள் இறுதியில் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. அப்புறம் பெரிய ஆட்டக்காரரும் ஆனார், 2011ல் முழங்கை அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். அதே மாதிரி எறிந்து 18 வயதில் கை போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. தாங்கியவரை மட்டும் காட்டிப் பேசுவது வாதம் ஆகாது. ஜப்பானிய உயர்நிலைப் பள்ளி பேஸ்பாலில் 2020 முதல் வாரத்துக்கு 500 பந்து என்று வரம்பு வந்தது. 500 என்பதே எனக்கு அதிகமாகத்தான் படுகிறது.

சசாகியை எடுத்த தொழில்முறை டீமான சிபா லொத்தே மரீன்ஸ் பொறுமை காட்டியது. 2020ல் ஓர் ஆட்டத்தில்கூட இறக்கவில்லை, உடம்பை வளர்த்தார்கள். 2022 ஏப்ரல் 10ஆம் தேதி ஓரிக்ஸுக்கு எதிராக பெர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவர்கூட பேஸுக்கு வராத ஆட்டம்), 19 ஸ்ட்ரைக்-அவுட், வயது 20. அடுத்த வாரம் எனக்கு இன்னும் பிடித்தது. எட்டு இன்னிங்ஸ் முடிந்து ஒருவரும் பேஸுக்கு வரவில்லை, 102 பந்து ஆகிவிட்டது, எடுத்துவிட்டார்கள். தொடர்ந்து இரண்டு பெர்ஃபெக்ட் கேம் என்ற, வரலாற்றில் எவரும் செய்யாததைச் செய்ய ஒரு இன்னிங்ஸ்தான் பாக்கி. அந்த ஆட்டத்தை மரீன்ஸ் 1-0 என்று தோற்கவும் செய்தது. இத்தனைக்குப் பிறகும் 2025ல் அமெரிக்காவின் டாட்ஜர்ஸுக்குப் போன முதல் வருடமே தோள்வலியால் மாதக்கணக்கில் உட்கார்ந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொறுமைக்குக் கேரண்டி கார்டு கிடையாது.

9 வயது மகன் ரைட் ஃபீல்டில் (மைதானத்தின் வலது கோடி) இரண்டு இன்னிங்ஸ் நிற்கிறான், பேட்டிங்கில் கடைசி, மீதி நேரம் பெஞ்ச். கோச்சின் மகன் எப்போதும் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே, பந்து அதிகம் வரும் இடம்). "ஜெயிக்கிற டீமில் இருப்பதே உங்கள் பையனுக்கு நல்லது" என்கிறார் கோச். – ஒரு அப்பா, டாலஸ்

இரண்டு இன்னிங்ஸ் என்றால் ஆறு அவுட். லிட்டில் லீகில் ஒரு பிள்ளைக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டிய குறைந்த அளவு அதுவேதான்: ஆறு அவுட், ஒரு முறை பேட்டிங். உங்கள் கோச் விதிப்புத்தகத்தை நன்றாகவே படித்திருக்கிறார்.

9 வயதில் யார் கெட்டிக்காரன் என்பதில் பாதி, யார் எந்த மாதம் பிறந்தான் என்பதுதான். லிட்டில் லீகில் ஆகஸ்ட் 31 அன்று என்ன வயது என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். செப்டம்பரில் பிறந்தவன் ஆகஸ்டில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவன், ஆனால் ஒரே வயதுக் கணக்கு. இந்த மைதானத்தில் பேஸ்களுக்கு நடுவே 60 அடி, பந்து போடும் தூரம் 46 அடி. வளர்ந்த பிறகு 90 அடியும் 60 அடி 6 அங்குலமும். சின்ன மைதானத்தில் உடம்பை வைத்தே மிரட்டியவர்கள் பெரிய மைதானத்தில் காணாமல் போவதை ஸ்கோர்புக்கில் பார்த்திருக்கிறேன்.

ஹோசே அல்டுவேயை வெனிசுவேலாவில் எம்.எல்.பி. டீமான ஆஸ்ட்ரோஸ் நடத்திய தேர்வில் குள்ளம் என்று சொல்லி மறுநாள் வர வேண்டாம் என்றார்கள். மறுநாளும் வந்து நின்றார். 15,000 டாலருக்கு எடுத்தார்கள். 2017ல் அமெரிக்கன் லீகின் எம்.வி.பி. (மிகச் சிறந்த ஆட்டக்காரர்). உங்கள் மகன் அல்டுவே ஆவான் என்று நான் சொல்லவரவில்லை. 9 வயதில் யாராலும் அதைச் சொல்ல முடியாது, கோச்சாலும் முடியாது என்றுதான் சொல்கிறேன்.

கோச்சிடம் நியாயம் கேட்காதீர்கள், குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள். "எட்டு ரன் முன்னிலையில் இருக்கும்போது அவனை செகண்ட் பேஸில் ஒரு இன்னிங்ஸ் நிறுத்திப் பார்க்கலாமா?" முடியாது என்று சொல்வது கஷ்டம். அப்புறம், மகனிடம் ஜெயிப்பது முக்கியமில்லை என்று ஆறுதல் சொல்லாதீர்கள். நம்ப மாட்டான். மாலையில் பூங்காவுக்குக் கூட்டிப்போய் உயரமாக வரும் பந்துகளைப் பிடிக்கப் பழக்குங்கள். ரைட் ஃபீல்டுக்கு வருவது அதுதான்.

வீரர் மெதுவாகத் தேறட்டும் என்றுதான் தொழில்முறை டீம்களும் சொல்கின்றன. 2012ல் வாஷிங்டன் டீம் பிட்ச்சர் ஸ்ட்ராஸ்பர்கை நடு சீசனில் நிறுத்தியது, 2015ல் சிகாகோ கப்ஸ் கிரிஸ் பிரையன்டைக் கீழ் டீமில் வைத்தது. இரண்டும் ஒன்றுதானே? – ஒரு ரசிகர், ஷாம்பர்க், இல்லினாய்

ஒன்றே அல்ல. ஸ்ட்ராஸ்பர்குக்கு 2010ல் முழங்கை அறுவை சிகிச்சை. 2012ல் அவருக்கு இன்னிங்ஸ் வரம்பு உண்டு என்பது முன்கூட்டியே தெரியும். 159 இன்னிங்ஸ் தாண்டியதும் செப்டம்பரில் நிறுத்தினார்கள். அதற்கு முந்தின வருடம் அதே அறுவை சிகிச்சையிலிருந்து திரும்பிய ஜோர்டன் சிம்மர்மனையும் 161ல் நிறுத்தியிருந்தார்கள். 98 ஆட்டம் ஜெயித்த டீம், ப்ளே-ஆஃப் தொடரில் கார்டினல்ஸிடம் ஐந்தாவது ஆட்டத்தில் 6-0 முன்னிலையை விட்டுத் தோற்றது. வரம்பு வைத்ததில் எனக்குக் குறையில்லை, கணக்குப் போட்டதில் குறை. அதே வருடம் அட்லாண்டா, அறுவை சிகிச்சையிலிருந்து திரும்பிய கிரிஸ் மெட்லனை ஜூலை வரை ஆட்டத்தின் நடுவில் வந்து போடும் பிட்ச்சராக வைத்திருந்து அப்புறம்தான் தொடக்க பிட்ச்சர் ஆக்கியது. ஸ்ட்ராஸ்பர்கையும் ஒரு மாதம் தாமதமாகத் தொடங்க வைத்திருக்கலாம். 2019ல் அவர் உலகத் தொடரின் எம்.வி.பி. ஆனதை 2012க்குச் சான்றாகக் காட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. நடுவில் ஏழு வருடம் இருக்கிறது.

பிரையன்ட் கதை பணம். வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்தவரை "ஃபீல்டிங் தேற வேண்டும்" என்று கீழே அனுப்பினார்கள். ஏப்ரல் 17 அன்று கூப்பிட்டார்கள். ஒரு சீசனில் மேல் டீமில் 172 நாள் இருந்தால் ஒரு வருட சர்வீஸ். அவருக்கு 171. அந்த ஒரு நாளால் சுதந்திரமாக வேறு டீம் தேடும் உரிமை ஒரு வருடம் தள்ளிப்போனது. மத்தியஸ்தரும் கப்ஸ் பக்கமே தீர்ப்புச் சொன்னார். பன்னிரண்டு நாளில் அப்படி என்ன ஃபீல்டிங் தேறியதோ! 'வளர்ச்சிக்காக' என்று யாராவது சொன்னால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். ஸ்ட்ராஸ்பர்க் விஷயத்தில் டீம் அந்த வருடக் கோப்பையைப் பணயம் வைத்தது. பிரையன்ட் விஷயத்தில் டீம் இழந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இந்த வசந்தத்தில் 12 வயது டீமுக்கு என்னை மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். கிரிக்கெட் மட்டுமே விளையாடியவன். முதல் கூட்டத்தில் பெற்றோரிடம் என்ன சொல்ல? – ஒரு அப்பா, ராலே

பேசாதீர்கள், ஒரு தாள் கொடுங்கள். மார்ச்சில் எல்லோருக்கும் நல்ல புத்தி இருக்கும். ஜூனில், கடைசி இன்னிங்ஸில், இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது உங்களுக்கே இருக்காது. 12 வயதுக்கு விதி ஒரு நாளில் 85 பந்து வரை அனுமதிக்கிறது. உங்கள் டீமுக்கு நீங்கள் 65 என்று வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். குறைந்தது ஐந்து பேருக்குப் பந்து போடப் பழக்குவேன், மே மாதம் வரை எல்லோரும் எல்லா இடத்திலும் நிற்பார்கள், ப்ளே-ஆஃப் வந்தால் சிறந்த ஒன்பது பேரை இறக்கி ஜெயிக்கப் பார்ப்பேன் என்று எழுதுங்கள். கடைசி வரியை மறைக்காதீர்கள். அதைப் படித்த பிறகு மே மாதத் தோல்விகளைப் பெற்றோர் பொறுத்துக்கொள்வார்கள், பிள்ளைகளுக்கும் ஒரு இலக்கு இருக்கும். வேறு டீமில் பந்து போட்டால் எண்ணிக்கையை எனக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் சேருங்கள். ஸ்நாக்ஸ் யார் கொண்டுவருவது என்ற பட்டியலை அதே தாளின் பின்பக்கத்தில் அச்சடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தாளை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள்.