வாத்துகள் கழுத்தைத் திருகிக்கொண்டு சாகின்றன: பறவைக் காய்ச்சலா?

கேள்வி: திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்திலிருந்து எழுதுகிறேன் ஐயா. வளவில் 14 பெரிய வாத்துகளும் (ஆங்கிலத்தில் கூஸ்) 9 கோழிகளும் வளர்க்கிறோம். வாத்துகள் காலையில் அறுவடை முடிந்த வயலுக்கும் குளக்கட்டுக்கும் மேயப் போய்ப் பின்னேரம் திரும்பும். முந்தநாள் ஒன்று, நேற்று இரண்டு செத்துவிட்டன. இன்னொன்று கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டமாகச் சுற்றுகிறது. கண் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, பச்சையாகக் கழிகிறது. கோழிகளுக்கு ஒன்றுமில்லை. சாகுமுன் மிச்சத்தை அறுத்து விற்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். என்ன மருந்து கொடுக்கலாம்? ஒரு கோழி 4 வாத்து முட்டையில் அடை கிடக்கிறது. அதை என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, முதலில் அந்த அறுக்கிற பேச்சை விடுங்கள். விற்கவும் வேண்டாம், வீட்டுச் சமையலுக்கும் வேண்டாம். சாகப்போகிற பறவையை வீணாக்காமல் அறுத்துவிடுவது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கிற பழக்கம். பறவைக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றுகிற முக்கியமான வழிகளில் அதுவும் ஒன்று. நன்றாக வெந்த இறைச்சியில் இந்தக் கிருமி பிழைக்காது, 70 பாகை வெப்பமே அதற்குப் போதும். ஆபத்து சட்டிக்கு வருமுன் நடக்கிற வேலையில் இருக்கிறது. அறுக்கும்போது தெறிக்கிற இரத்தம், இறகு பிடுங்கும்போது பறக்கிற தூசி, குடல் எடுத்த கை, அந்தக் கையால் துடைத்த முகம். இந்த வேலை பெரும்பாலும் பெண்களின் தலையில்தான் விழுகிறது, பக்கத்தில் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இது பறவைக் காய்ச்சல்தானா? சந்தேகப்பட வலுவான காரணம் இருக்கிறது. வாத்துகளில் இந்த நோய் பெரும்பாலும் மூளையைத் தாக்கும். கழுத்துத் திருகுவது, வட்டமாகச் சுற்றுவது, நடுங்குவது, கண் வெண்மையாவது எல்லாம் அதன் அடையாளங்கள். இன்று உலகமெங்கும் பரவியிருக்கிற எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி வகையின் மூதாதை 1996இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் உங்கள் வாத்தைப் போன்ற ஒரு பெரிய வாத்திலேயே கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு ஹொங்கொங்கில் 18 பேருக்குத் தொற்றி, 6 பேர் இறந்தார்கள். கேரளத்துக் குட்டநாட்டில் 2014இலும் 2021இலும் தாராக்களில், அதாவது சிறிய வாத்துகளில், பறவைக் காய்ச்சல் வந்தது. அதுவும் உங்கள் ஊரைப் போல வயலும் நீரும் சேர்ந்த இடம். மாரி காலத்தில் வடக்கேயிருந்து ஊசிவால் தாராக்களும் மற்ற நீர்ப்பறவைகளும் நம் குளங்களுக்கும் களப்புகளுக்கும் வந்து இறங்குகின்றன. அவற்றின் எச்சம் விழுந்த கரையில் உங்கள் வாத்துகள் மேய்ந்திருக்கலாம்.

ஆனால் கோழிகள் நன்றாக இருக்கின்றன என்கிறீர்கள். அது என்னை யோசிக்க வைக்கிறது. கடுமையான பறவைக் காய்ச்சல் கோழிக்கூட்டுக்குள் புகுந்தால் இரண்டு மூன்று நாளில் கூட்டையே வெறுமையாக்கிவிடும். இன்னும் அங்கே போய்ச் சேராமலும் இருக்கலாம். வேறு நோய்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அழுகிய நீரிலும் செத்த உடல்களிலும் உண்டாகும் பொட்டுலிசம் என்ற நஞ்சு என்றால் கழுத்து திருகாது, துவண்டு தொங்கும். வயலில் அடித்த பூச்சிமருந்து என்றால் ஒன்றாக மேய்ந்தவை பெரும்பாலும் சில மணித்தியாலங்களுக்குள் ஒன்றாக விழும். பூஞ்சணம் பிடித்த தவிடும் வாத்தின் ஈரலைக் கெடுக்கும். நியூகாசில் என்ற கோழி நோயிலும் கழுத்துத் திருகும், ஆனால் பொதுவாக வாத்தைவிடக் கோழிதான் முதலில் படுக்கும். இதைக் கண்ணால் பார்த்து யாரும் முடிவு சொல்ல முடியாது. தொண்டையிலும் கழிவாயிலும் பஞ்சால் துடைத்து எடுக்கிற மாதிரியை ஆய்வுகூடத்தில் பரிசோதித்தால்தான் தெரியும். முடிவு வரும்வரை பறவைக் காய்ச்சல் என்றே வைத்து நடந்துகொள்ளுங்கள்.

ஆகவே இன்றைக்கே உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். வாத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டாம், வைத்தியர் உங்களிடம் வர வேண்டும். எத்தனை இருந்தன, எத்தனை எந்த நாள் செத்தன, எங்கே மேய்ந்தன, குளத்தில் காட்டுப் பறவை ஏதும் செத்துக் கிடந்ததா என்று எழுதி வைத்துச் சொல்லுங்கள். திருகிய கழுத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்தாலும் உதவும். மாதிரி பேராதனைப் பக்கம் கன்னொறுவவில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கும். செத்த ஒன்றை எடுத்து வைக்கச் சொன்னால், இரண்டு பொலித்தீன் பைகளில் கட்டி, மீன் கொண்டுபோகிற றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு நிழலில் வையுங்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது.

செத்தவற்றை எக்காரணம் கொண்டும் வாய்க்காலில் போடாதீர்கள். கந்தளாய்க் குளத்து நீர் உங்கள் ஊர் வயல்களுக்கு ஓடுகிற வழி அது. கீழே எத்தனை வீட்டுத் தாராக்கள் அதில் நீந்தும்! வேலிக்கு வெளியே எறிந்தால் காகமும் நாயும் இழுத்துப் போகும். வைத்தியர் வரத் தாமதமானால் கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, மேடான இடத்தில் ஆறடிக் குழி வெட்டிப் புதைத்து, மேலே மூன்றடி மண்ணாவது மூடுங்கள். கொஞ்சம் தோண்டியதும் தண்ணீர் ஊறினால் அந்த இடம் வேண்டாம், வைத்தியரிடம் கேளுங்கள்.

மிஞ்சிய வாத்துகளை வெளியே விடாமல் அடையுங்கள். நான்கு கம்பு நட்டுச் சுற்றிவர வலை கட்டி, மேலே படங்கு போட்டால் போதும். துரத்திப் பிடிக்க வேண்டாம். இறக்கை அடித்துக் கிளப்புகிற தூசியே உங்கள் மூக்குக்கு வரும். தீன் காட்டி நடத்திப் போனால் வரும். கிணற்றுத் தண்ணீர், வேறு இடத்தில் அறுத்த புல் கொடுங்கள். கோழிகளை வேறாக அடைத்து, முதலில் அவற்றுக்குத் தீன் வைத்துவிட்டு அப்புறம் வாத்திடம் போங்கள். ஒரே ஆள், ஒரே செருப்பு, ஒரே பழைய உடுப்பு, கையுறை, முகக்கவசம். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, அதனால் சவர்க்காரத்துக்கே அழியும். குளோரின் தெளிப்பதென்றால் எச்சத்தைச் சுரண்டிக் கழுவிய பிறகு தெளியுங்கள். எச்சத்தின் மேல் ஊற்றினால் வீண்.

மருந்து கேட்டீர்கள். இதற்கு மருந்தில்லை. கடையில் அன்ரிபயோட்டிக் வாங்கிக் கொடுப்பது காசுக்கும் கேடு, நோயையும் மறைக்கும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பறவைக் காய்ச்சல் என்று உறுதியானால் மிஞ்சியவற்றையும் கோழிகளையும் சேர்த்து அழிக்கத்தான் சொல்வார்கள். கையால் வளர்த்தவருக்கு அது பெரிய வேதனை. அந்தப் பயத்தில்தான் பலர் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். ஆனால் 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க மிருக நோய்கள் சட்டம் நமக்கு இருக்கிறது, இப்படிப்பட்ட நோயை அறிவிப்பது உங்கள் கடமை. மறைத்தால் கிண்ணியா வரைக்கும் எத்தனை வளவுகள் காலியாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த அண்ணனிடமும் சொல்லுங்கள், அவர் வீட்டுப் பறவைகளையும் அடைக்கட்டும். இதுவரை பறவைகளைத் தொட்ட எவருக்கும் அடுத்த 10 நாளுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சு முட்டல், கண் சிவத்தல் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போய், "செத்த வாத்துகளைத் தொட்டேன்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். மனிதருக்கு மருந்து இருக்கிறது, நேரத்தோடு தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பூனையையும் அந்தப் பக்கம் விடாதீர்கள், அதற்கும் தொற்றும்.

அடை முட்டைகளை இப்போது தொட வேண்டாம். ஓட்டின் மேலும் உள்ளேயும் கிருமி இருக்கலாம். அடைக்கோழியை மற்றக் கோழிகளோடு சேர்க்காமல் அங்கேயே விட்டுத் தண்ணீரும் தீனும் வையுங்கள். நல்ல இனம் என்று யாராவது கேட்டாலும் அந்த 4 முட்டையில் ஒன்றைக்கூடக் கொடுக்காமல், வைத்தியர் வந்ததும் அவரிடம் காட்டுங்கள்.