முன்பின் தெரியாதவரை டிவியில் கல்யாணம் செய்துகொள்ளும் நிகழ்ச்சிகளை எப்படித்தான் உட்கார்ந்து பார்க்கிறீர்கள்? பார்க்கிறவர்களுக்கு வெட்கமாக இல்லையா?

நான் பார்க்கிறேன். வெட்கமாக இல்லை.

கேள்வியை எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்களுக்கு இப்போதுதான் வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அம்மாவோ அக்காவோ ராத்திரி ஒன்பது மணிக்கு இதைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள், உங்களுக்கு எரிச்சல். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்துவிடுங்கள். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் தாண்டிப் போக முடியவில்லை.

முதலில் ஒன்று. முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்துவைப்பதில் நமக்கு என்ன அதிர்ச்சி? 'மேரிட் அட் ஃபர்ஸ்ட் சைட்' என்று இப்போது ஓடும் இந்த நிகழ்ச்சியை டென்மார்க்கில் 2013இல் ஆரம்பித்தார்கள். நிபுணர்கள் கூடிப் பேசி ஜோடி சேர்ப்பார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் மணமேடையில்தான் முதல்முதலாக முகம் பார்ப்பார்கள். அடுத்த வருஷம் அமெரிக்கா, அதற்கடுத்த வருஷம் ஆஸ்திரேலியா என்று போய்விட்டது. வெள்ளைக்காரர்களுக்கு அது பெரிய பரிசோதனை. எங்கள் ஆயா கல்யாணத்தன்று மூன்றாவது முடிச்சு விழுந்த பிறகுதான் தாத்தாவின் முகத்தைப் பார்த்தாராம். வாலாஜாவிலிருந்து சோளிங்கர் வரை எந்தத் தெருவில் கேட்டாலும் இதே கதைதான் கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவில் நடப்பது சட்டப்படி கல்யாணமே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே குறைந்தது ஒரு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுத்தால்தான் கல்யாணம் செல்லும், நம் ரிஜிஸ்டர் ஆபீஸில் சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு 30 நாள் நோட்டீஸ் ஒட்டுகிற மாதிரி. முகமே தெரியாத ஆளை வைத்துக்கொண்டு எப்படி நோட்டீஸ் கொடுப்பது? அதனால் அங்கே நடப்பது கல்யாணச் சடங்கு மட்டும்தான். அமெரிக்காவில் சட்டப்படியே செய்கிறார்கள், ஒத்துவராவிட்டால் சட்டப்படியே விவாகரத்து வாங்க வேண்டும்.

நான் பார்ப்பதற்குக் காரணம் வேறு. அந்த நிகழ்ச்சிகளில் பதில் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் வாரா வாரம் சோபாவில் உட்காரவைத்து, இருக்கிறாயா போகிறாயா என்று இரண்டு பேரையும் எழுதிக் காட்டச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் சில வாரம் சேர்ந்து வாழ்ந்த பிறகு முடிவு நாள் என்று ஒன்று வரும், எதிரெதிரே உட்கார்ந்து சொல்ல வேண்டும். அழுகிறார்கள், கத்துகிறார்கள், சில ஆட்கள் ரொம்பக் கேவலமாகவும் நடந்துகொள்கிறார்கள். ஆனால் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போக முடியும்.

எனக்கு 2018இல் அது கிடைக்கவில்லை.

அந்த வருஷம் பிப்ரவரியில்தான் கலர்ஸ் தமிழ் சேனலே புதிதாக வந்தது. வந்தவுடன் நடிகர் ஆர்யாவை வைத்து 'எங்க வீட்டு மாப்பிள்ளை' போட்டார்கள். பதினாறு பெண்கள், அதில் ஒருவரை அவர் கல்யாணம் செய்துகொள்வார் என்று சொன்னார்கள். எங்கள் வீட்டில் தினமும் ஓடும். ஆயா, அம்மா, பக்கத்து வீட்டு அத்தை எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு அப்போது 27 வயது. அதற்கு முன் என்னை ஆறு வீட்டார் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஏழாவது வீட்டார் மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் வந்தார்கள். பூர்வீகம் அரக்கோணம் பக்கம், இருப்பது சென்னையில். நாலரைக்கு ராகு காலம் ஆரம்பித்துவிடும் என்று மூன்று மணிக்கே ஒரு வேனில் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். அப்பா காலையிலேயே பாலம் தாண்டி ஆற்காடு போய் மக்கன் பேடா வாங்கி வந்திருந்தார். எனக்கு அம்மாவின் ஆரணிப் பட்டு, மயில்கழுத்து நிறம். காபி கொடுத்தேன், விழுந்து கும்பிட்டேன். எல்லாம் வழக்கமாக நடப்பதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை.

அப்புறம் பையனின் சித்தி போனை எடுத்தார். மூத்த பெண் அமெரிக்காவில் இருக்கிறாளாம், அவளுக்கு அனுப்ப வேண்டுமாம். "அந்தக் கதவாண்டருந்து துளசி மாடம் வரைக்கும் கொஞ்சம் நடந்து வாம்மா" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தார். நடந்தேன். "திரும்பி ஒருவாட்டி நட, வெயில் அடிச்சு மூஞ்சி தெரியல" என்றார். திரும்பி நடந்தேன். பையன் போனை நோண்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. போகும்போது "கலந்து பேசிட்டு ரெண்டு நாள்ல சொல்றோம்" என்று சொல்லி, பூவும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று ராத்திரி பத்து மணி வரை நான் புடவையை மாற்றவில்லை. அம்மாதான் மாற்ற வேண்டாம் என்றார். சில வீட்டார் போகிற வழியில் பேசி முடிவெடுத்து அப்படியே திரும்பி வந்து தட்டு மாற்றிக்கொண்டு போயிருக்கிறார்களாம்.

இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று, பிறகு ஆறு வாரமாயிற்று. அப்பா மூன்று முறை போன் செய்தார். முதல் தடவை "ஜாதகத்தை இன்னொருத்தர்கிட்ட காட்டணும்", அடுத்த தடவை "பையனுக்கு ஆபீஸ்ல ஆடிட்டிங்". மூன்றாவது தடவை யாரும் எடுக்கவில்லை. தரகரைக் கேட்டால் "பொறுங்க சார், நல்ல இடம், அவசரப்பட்டு கெடுத்துக்காதீங்க" என்றார். நல்ல இடம் என்ற ஒரு சொல்லுக்காக அந்த ஆறு வாரத்தில் வந்த இன்னொரு வரனுக்கு அப்பா ஜாதகமே தரவில்லை.

அப்போது ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தேன். பங்குனிக் கடைசியில் ஒருநாள் மதிய சாப்பாட்டில், தையல் பிரிவிலிருக்கும் ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு போனைக் காட்டினார். "இது நீதான?" நான்தான். மயில்கழுத்துப் புடவை, துளசி மாடம், பின்னால் கொடியில் அப்பாவின் துண்டு காய்கிறது. அவர் ஊர்ப்பக்கச் சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்திருக்கிறது. நாற்பது விநாடி இருக்கும். அதற்குக் கீழே "உயரம் கம்மி", "நடை பரவால்ல", "இத விட நல்லா பாக்கலாம்" என்று ஆளுக்கு ஒன்று எழுதியிருந்தார்கள். ஒருவர் கட்டைவிரல் படம் மட்டும் போட்டிருந்தார். எங்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள், எங்களுக்கு மட்டும்தான் சொல்லவில்லை.

அன்றைக்கு வேலை ஓடவில்லை, ஒரு மணி நேரம் முன்னால் போகிறேன் என்று கேட்டேன். அரை நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். ஷிப்மென்ட் நேரத்தில் ராத்திரி எட்டு மணி வரை உட்காரவைத்தால் ஒரு டீயும் இரண்டு பிஸ்கெட்டும்தான், அந்த மணிக்கணக்கை யாரும் எழுதமாட்டார்கள். நாம் ஒரு மணி கேட்டால் மட்டும் நோட்டு, கையெழுத்து, காரணம் என்ன என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்பார். அந்தப் பக்கம் காலையில் பஸ் பஸ்ஸாக இறங்கி உள்ளே போகிற பெண்களைக் கேளுங்கள், எத்தனை பேர் இப்படி அரை நாள் அரை நாளாக விட்டிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். ஆறு வருஷம் உழைத்த இடம், இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. சரி, இது நீங்கள் கேட்டதில்லை.

ஏப்ரலில் ஆர்யா நிகழ்ச்சியின் கடைசி நாள். மூன்று பெண்கள் கல்யாணக் கோலத்தில் நிற்கிறார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இரண்டு பேர் மனசு கஷ்டப்படும் என்று சொல்லி, அவர் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. ஆயா மட்டும், "ஏன்டி, இத்தினி நாளு உக்கார வெச்சிட்டு, இன்னும் யோசிக்கணுமாமா? அந்தப் பொண்ணுங்க நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஊட்டுக்குப் போவும்?" என்றார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார், அப்புறம் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். டிவி ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தார்.

நான் அந்த நடிகரைத் திட்டவில்லை, அவர் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அடுத்த வருஷம் மார்ச்சில் அவர் நடிகை சாயிஷாவைக் கல்யாணம் செய்துகொண்டார், அது அவர்கள் சொந்த வாழ்க்கை, நன்றாக இருக்கட்டும். 2009இல் இந்தி டிவியில் நடிகை ராக்கி சாவந்த் சுயம்வரம் நடத்தியபோதும் கடைசி நாளில் கல்யாணம் நடக்கவில்லை, நிச்சயதார்த்தத்தோடு நின்று பிறகு அதுவும் முறிந்தது. டிவியில் இப்படித்தான் என்று தெரிந்தேதான் போகிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான், தெரிந்து போனார்கள். நான் என் வீட்டு வாசலில் நடந்தேன், என்னை யாரும் கேட்கவில்லை. டிவியில் வருவதைக் கேவலம் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை தங்கள் வீட்டு போன்களில் யார் வீட்டுப் பெண்களின் வீடியோ கிடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஏற்பாட்டுக் கல்யாணத்துக்கு நான் எதிரி என்று எழுதிவிடாதீர்கள், என்னுடையதே பெரியவர்கள் பார்த்துச் செய்ததுதான். பெண் வீட்டார் மட்டும் யோக்கியமா என்றும் கேட்பீர்கள். இல்லை. என் பெரியப்பா மகன் குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்கிறான், அவனை இரண்டு பெண் வீட்டார் இதே மாதிரி மாதக்கணக்கில் தொங்கவிட்டார்கள். யார் செய்தாலும் தப்புதான்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தது 2019இல், ரத்தினகிரி முருகன் கோயிலில். இருபது நிமிஷம் இருக்கும். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரே அப்பாவின் போனுக்குக் கூப்பிட்டு என்னோடு பேச வேண்டும் என்றார். "எனக்குச் சம்மதங்க. உங்களுக்கு வேணாம்னா எங்கிட்டயே சொல்லிடுங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், எங்க வீட்ல நான் சமாளிச்சிக்கறேன்." ஒரே மூச்சில் சொன்னார், எழுதிவைத்துப் படித்தாரோ என்று இன்றைக்கும் சந்தேகம். எனக்கு இரண்டு நாள் வேண்டும் என்றேன். இரண்டாவது நாள் நானே போன் செய்து சொன்னேன். அந்த இருபது நிமிஷத்தில் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரிந்ததெல்லாம் அந்த போனில்தான்.

அதனால் ஆஸ்திரேலியாக்காரர்கள் சோபாவில் உட்கார்ந்து, கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு, திருப்பிக் காட்டலாமா வேண்டாமா என்று தவிக்கும்போது நான் கண்ணெடுக்காமல் பார்க்கிறேன். நீங்கள் அதை வெட்கக்கேடு என்கிறீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. போன தை மாதம் என் தம்பிக்குப் பெண் பார்க்கப் பள்ளிகொண்டா பக்கம் போனோம். எங்கள் அத்தை போனை எடுத்தபோது நான் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன், இன்றுவரை அத்தைக்கு என்மேல் கோபம். திரும்பி வரும்போது காரிலேயே தம்பி சொல்லிவிட்டான், எனக்குத் தோணலைக்கா என்று. தரகர், "நீங்க ஏம்மா சொல்றீங்க, ரெண்டு மாசம் உட்டா அவங்களே புரிஞ்சிக்குவாங்க" என்றார். வேறு இடம் எதுவும் அமையாவிட்டால் இதற்கே திரும்பி வரலாமாம்.

ராத்திரி எட்டரைக்கு நானே அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு போன் செய்தேன். நம்பரைப் போட்டுவிட்டு இரண்டு தடவை கட் செய்தேன், அவ்வளவு கஷ்டமாக இருந்தது. "எங்களுக்கு சரியா அமையலைங்கம்மா. பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல, நீங்க வேற இடம் பாருங்க, எங்களுக்காகக் காத்திருக்காதீங்க" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மிக்ஸி ஓடி நின்றது கேட்டது.

"சரிம்மா" என்றார். "அவ இன்னும் பொடவகூட மாத்தல. போய் மாத்திக்கச் சொல்றேன்."